அந்தக் குதிரை தீனி தின்றதா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையைக் கதைகளுக்காக ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

'மேலை நாட்டுச் செவ்வியல் சிறுகதைகள் இன்றும் நம்மை இழுப்பது கதையின் திருப்பத்தாலா, கதை மாந்தரின் மனத்தாலா?' இதுதான் இன்றைய தலைப்பு. திருப்பமே என்று எதிரணியில் இருவர் பேசிவிட்டார்கள். மனமே என்று பேச நான் வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய சகோதரர் பிரெஞ்சு எழுத்தாளர் மாப்பசானின் 'நெக்லஸ்' கதையை அழகாகச் சொன்னார். கடன் வாங்கிய நகை தொலைந்து, அதற்கு ஈடாக வேறொன்று வாங்கித் தந்து, பத்து வருடம் கடன் அடைத்து, கடைசியில் 'அது போலி நகைதானே' என்று தோழி சொல்லும் இடம் வந்தபோது இந்த அரங்கில் 'அடடா' என்று ஒரு சத்தம் எழுந்தது. 'நடுவர் அவர்களே, இந்த அடடாதான் என் சாட்சி' என்று சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த அடடாவில் என் குரலும் இருந்தது.

அதனால்தான் கேட்கிறேன். இங்கே இருப்பவர்களில் பாதிப் பேராவது அந்தக் கதையை முன்பே படித்திருப்பீர்கள். நகை போலி என்பது உங்களுக்கு முன்பே தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்த முடிவுக்கு நாம் ஏன் அடடா சொன்னோம்? ஆச்சரியத்தில் வந்த சத்தமாக அது இருக்க முடியாது. ஒரு பெண்ணுக்காக வந்த சத்தம் அது.

சரி, அந்தக் கதையிலேயே கொஞ்சம் நிற்போம். 1884 பிப்ரவரியில் 'லெ கோலுவா' என்ற பாரிஸ் பத்திரிகையில் வந்த கதை. கல்வி அமைச்சகத்தில் ஒரு குமாஸ்தா. அவன் மனைவி மத்தில்டா, அழகானவள், வசதியாக வாழவேண்டும் என்ற ஏக்கம் உள்ளவள். ஒரு விருந்துக்கு அழைப்பு வருகிறது. துப்பாக்கி வாங்குவதற்கென்று கணவன் சேர்த்து வைத்திருந்த 400 ஃபிராங்க் அவள் உடைக்குப் போகிறது. நகை, தோழியிடம் இரவல். தொலைந்த பிறகு அதேபோல் ஒன்று வாங்க 36,000 ஃபிராங்க். அப்பா விட்டுப்போன 18,000 கணவனிடம் இருந்தது, மீதி முழுவதும் கடன்.

சகோதரர் இதைச் சொன்னார். ஆனால் நடுவில் இருக்கும் அந்தப் பத்து வருடத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார். மாப்பசான் அப்படித் தாண்டவில்லை. வேலைக்காரப் பெண்ணை நிறுத்திவிட்டு, கூரைக்கு அடியில் ஒரு சின்ன அறைக்குக் குடிபோகிறார்கள். எண்ணெய்ப் பிசுக்குப் பாத்திரங்களைத் தேய்த்துத் தேய்த்து அவளுடைய ரோஜா நிற நகங்கள் தேய்கின்றன. காலையில் குப்பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டுத் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறாள். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறாள். கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு காய்க்கடை, மளிகைக்கடை, கறிக்கடை என்று போய்க் காசு காசாகப் பேரம் பேசுகிறாள், திட்டு வாங்குகிறாள். கணவன் ராத்திரியில் பக்கத்துக்கு ஐந்து சூ, அதாவது சில்லறைக் காசு, கூலிக்கு நகல் எடுக்கிறான்.

இந்த வரிகள் எல்லாம் வெறும் திருப்பத்துக்குத் தேவையா? திருப்பம் மட்டும் வேண்டுமென்றால் 'பத்து வருடம் கஷ்டப்பட்டார்கள்' என்று எழுதினால் போதுமே. மாடிப்படியில் நின்று மூச்சு வாங்குகிறாளே, அந்த மூச்சை அவர் எதற்காக எழுதினார்?

இன்னொன்றும் இருக்கிறது. இது இரண்டாம் முறை படிக்கிறவருக்கு மட்டும் கிடைப்பது. நகை தொலைந்ததும், பெட்டியின் உள்ளே இருந்த பெயரைப் பார்த்து அந்த நகைக்கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் கணக்கைப் புரட்டிப் பார்த்துவிட்டு, 'நகையை நான் விற்கவில்லை அம்மா, பெட்டியை மட்டும்தான் கொடுத்திருக்கிறேன்' என்கிறார். முதல் முறை படிக்கும்போது இந்த வரியை நாம் கவனிப்பதே இல்லை. அப்புறம் புது நகையைக் கொண்டுபோய்த் தோழியிடம் கொடுக்கிறாள். தோழி பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. திறந்து பார்த்துவிடுவாளோ என்று மத்தில்டா நடுங்கிக்கொண்டு நிற்கிறாள், அவள் திறக்கவில்லை. முதல் முறை அப்பாடா என்று நாமும் மூச்சு விடுவோம். இரண்டாம் முறை அதே இடத்தில் 'திறந்து பாரம்மா, ஒரு தடவை திறந்து பார்' என்று நெஞ்சு கத்துகிறது. முடிவு தெரிந்திருப்பது அங்கே கதையைக் கெடுக்கவில்லை. தெரிந்திருப்பதால்தான் அந்த இடம் தாங்க முடியாததாகிறது.

திருப்பம் எங்கிருந்து வந்தது என்றும் பார்க்க வேண்டும். மறுநாளே போய் 'தொலைத்துவிட்டேன்' என்று அவள் சொல்லியிருந்தால் கதையே இல்லை. 'கொக்கி உடைந்துவிட்டது, சரிசெய்யக் கொடுத்திருக்கிறோம் என்று எழுதிவிடு' என்று கணவன் சொல்கிறான், அவளும் எழுதுகிறாள். பயம், வெட்கம், ஏழை என்று தெரிந்துவிடுமே என்ற கூச்சம். இது அவர்கள் இருவரின் குணத்திலிருந்து வந்த திருப்பம். குணத்தை எடுத்துவிட்டால் அந்த முடிவு நிற்பதற்கு இடமே இல்லை.

என் அம்மா ஐந்தாம் வகுப்பு வரை படித்தவர். கண் ஆபரேஷன் முடிந்து ஓய்வில் இருந்தபோது அவருக்கு நான் தினமும் ஒரு கதை படித்துச் சொன்னேன். முதல் நாள் இந்த 'நெக்லஸ்' கதைதான். கடைசி வரியைப் படித்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். ஆச்சரியப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம் கேட்டார்: "அந்தப் புருஷன் பத்து வருசத்துல அவளை ஒரு வார்த்தைகூடத் திட்டலையா?"

எத்தனையோ முறை படித்த எனக்குத் தோன்றாத கேள்வி. திரும்பப் போய்ப் பார்த்தேன். கதையில் ஓரிடத்திலும் அவன் அவளைத் திட்டவில்லை. நகையைத் தேடி அந்த ராத்திரியில் வந்த வழியெல்லாம் நடந்தே போகிறான், காலையில் வெறுங்கையோடு திரும்பி வந்து போலீஸுக்கும் பத்திரிகைகளுக்கும் அலைகிறான், கடன் பத்திரங்களில் கையெழுத்துப் போடுகிறான், எழுதுகிறான். அவ்வளவுதான். கதை முடிந்த பிறகு அம்மாவோடு தங்கியது போலி நகை இல்லை, அந்த மனுஷன்.

எதிரணியின் தலைவர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். 'இவையெல்லாம் பத்திரிகைக்காக, காசுக்காக எழுதிய கதைகள். வாசகனைப் பிடித்து வைக்கத்தான் திருப்பம் வைத்தார்கள். அதை எடுத்துவிட்டால் இரண்டாம் பக்கம் யார் போவார்?' என்றார். காசுக்காக எழுதினார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். மாப்பசான் பத்து வருடத்தில் முந்நூறு கதைகள் அளவுக்கு எழுதிக் குவித்தது பத்திரிகைகளுக்காகத்தான். ரஷ்ய எழுத்தாளர் செகாவ் மாஸ்கோவில் மருத்துவம் படிக்கும் மாணவனாக இருந்துகொண்டு, குடும்பத்தை நடத்த நகைச்சுவைப் பத்திரிகைகளுக்கு எழுதினார், அதுவும் ஏறத்தாழ நூறு வரிக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு. அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி நியூயார்க்கின் ஒரு பத்திரிகையின் ஞாயிறு பதிப்புக்கு வாரம் ஒரு கதை கொடுத்தார்.

ஆனால் அதே பத்திரிகைகளில் அதே வாரங்களில் மற்றவர்களும் எழுதினார்களே. அவர்களும் வாசகனைப் பிடித்து வைக்கத்தான் எழுதினார்கள், அவர்களிடமும் திருப்பம் இருந்திருக்கும். அந்தக் கதைகள் எங்கே? சரி, அவர்களை விடுங்கள். ஓ. ஹென்றியையே எடுத்துக்கொள்வோம், திருப்பத்தின் மன்னன் என்று நீங்கள் மாலை போட்டீர்களே. அவர் எழுதியவை சில நூறு கதைகள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் கடைசியில் ஒரு திருப்பம் உண்டு. திருப்பம்தான் காரணம் என்றால் அத்தனை கதைகளும் நம் வாயில் இருக்க வேண்டும். இந்த அரங்கில் யாரையாவது எழுப்பிக் கேட்டால் எத்தனை சொல்வோம்? கிறிஸ்துமஸ் பரிசுக் கதை, கடைசி இலை, இருபது வருடம் கழித்துச் சந்திக்கும் இரண்டு நண்பர்கள். நாலு, ஐந்து. அந்த நாலைந்திலும் ஓர் ஆள் இன்னொரு ஆளுக்காக எதையோ விட்டுக்கொடுக்கிறார், அல்லது விட்டுக்கொடுக்க முடியாமல் தவிக்கிறார்.

கிறிஸ்துமஸ் கதை 1905 டிசம்பரில் வந்தது. டெல்லாவின் கையில் 1 டாலர் 87 சென்ட். அதில் 60 சென்ட் ஒற்றை ஒற்றைக் காசுகள். மளிகைக்காரரிடமும் காய்க்காரரிடமும் கறிக்கடைக்காரரிடமும் கன்னம் சிவக்கச் சிவக்கப் பேரம் பேசி மிச்சம் பிடித்த காசு. மத்தில்டாவும் இதையேதான் செய்தாள், கவனியுங்கள். பாரிஸில் ஒருத்தி, நியூயார்க்கில் ஒருத்தி, இருவரும் கறிக்கடை வாசலில் நிற்கிறார்கள். நம் அம்மாக்கள் நின்றதும் அப்படித்தானே.

டெல்லா கூந்தலை 20 டாலருக்கு விற்கிறாள். கணவன் ஜிம்மின் கடிகாரத்துக்குப் பரிசாக வாங்கும் சங்கிலி 21 டாலர். கையில் மிஞ்சுவது 87 சென்ட். ஜிம்மோ அந்தக் கடிகாரத்தை விற்று, அவள் கூந்தலுக்குச் சீப்புகள் வாங்கியிருக்கிறான். இந்த முடிவு தெரியாத பள்ளிக்கூடப் பிள்ளைகூட இன்று இல்லை. தெரிந்தும் நான் ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தக் கதையைப் படிக்கிறேன், வேறொரு வரிக்காக. மாடிப்படியில் ஜிம்மின் காலடிச் சத்தம் கேட்கிறது. டெல்லாவுக்கு முகம் வெளுக்கிறது. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் மனதுக்குள் வேண்டிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு. வெட்டிய தலைமுடியோடு நின்றுகொண்டு முணுமுணுக்கிறாள்: 'கடவுளே, நான் இன்னும் அழகாகத்தான் இருக்கிறேன் என்று அவருக்குத் தோன்ற வேண்டும்.' திருப்பம் வருவதற்கு முன்னாலேயே கதை நம்மைப் பிடித்துவிட்டது.

இதை எழுதியவர் யார் என்பதும் முக்கியம். வங்கிப் பணத்தைக் கையாடினார் என்ற வழக்கில் தண்டனை பெற்று, ஒஹையோ மாநிலச் சிறையில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்தவர். சொந்தப் பெயர் வில்லியம் சிட்னி போர்ட்டர். சிறைக்குள் இருந்தே கதைகளை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வெளியே அவருக்கு ஒரு சின்ன மகள் இருந்தாள், தாயை இழந்தவள். காசில்லாதவர்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுக்கத் தவிப்பது அவர் வெளியிலிருந்து வேடிக்கை பார்த்த விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

கேட் ஷோபான் என்ற அமெரிக்கப் பெண் எழுத்தாளரின் 'ஒரு மணி நேரத்தின் கதை'யை எதிரணியினர் தொடவில்லை. அவர்களுக்கு அது நல்ல ஆயுதமாகியிருக்கும், நானே எடுத்துத் தருகிறேன். 1894-இல் வந்தது. ரயில் விபத்தில் கணவன் இறந்துவிட்டான் என்று இதய நோயாளியான ஒரு பெண்ணுக்குச் செய்தி வருகிறது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துக் கணவன் உயிரோடு வாசலில் வந்து நிற்கிறான், அவள் விழுந்து சாகிறாள். அதிகப்படியான சந்தோஷத்தில் இறந்துவிட்டாள் என்கிறார்கள் மருத்துவர்கள். பெரிய திருப்பம்தான். ஆனால் அந்த அறைக்குள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அவள் என்ன நினைத்தாள் என்பதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் படியுங்கள். ஒரு மருத்துவமனைச் செய்தி மிஞ்சும். அவள் அழுகிறாள், அப்புறம் ஜன்னலுக்கு வெளியே துளிர்விட்ட மரங்களைப் பார்க்கிறாள், தன்னை அறியாமல் 'விடுதலை, விடுதலை' என்று அவள் உதடு சொல்கிறது. கணவன் கெட்டவனும் இல்லை, அவளிடம் அன்பாக இருந்தவன்தான். அந்த முணுமுணுப்பை முதல் முறை படித்தபோது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருடம். புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயமாக இருந்தது. நூறு வருடத்துக்கு முன்னால் வேறொரு நாட்டில் இருந்த பெண்ணுக்கு என் அறைக்குள் என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்தது?

நம் ஊருக்கும் இதில் ஒரு சாட்சி உண்டு. புதுமைப்பித்தன் உலகக் கதைகளை நிறையத் தமிழில் மொழிபெயர்த்தவர். தழுவல் கூடாது, மொழிபெயர்ப்பே வேண்டும் என்று கடுமையாக வாதாடியவர். அவருடைய சில கதைகளே மாப்பசானைத் தழுவியவை என்று பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். அதை வைத்து அவரைக் குறை சொல்ல நான் வரவில்லை. நான் பார்ப்பது வேறு. தழுவலில் நிகழ்ச்சியும் திருப்பமும் அப்படியே கப்பல் ஏறி வந்துவிடும். ஆனால் அந்தத் தழுவல் கதைகளுக்காகவா நாம் புதுமைப்பித்தனைக் கொண்டாடுகிறோம்? 'செல்லம்மாள்' கதைக்காகக் கொண்டாடுகிறோம். அவளுக்கு மூச்சு ஒடுங்கிவிட்டது என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டுத் தொடங்குகிறார். முடிவு என்று ஒளித்து வைக்க எதுவுமே இல்லை. ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு கணவன், நோயாளி மனைவி. திருப்பம் ஒன்றும் கிடையாது, இன்னும் நம்மை விடவில்லை அந்தக் கதை.

இனி, எதிரணியினர் இருவருமே பேசாமல் விட்ட ரஷ்யாவுக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் மாஸ்கோவில் அச்சாகி வந்த தமிழ்ப் புத்தகங்கள் இருந்தன. என்.சி.பி.எச். கடையில் அப்பா மலிவு விலைக்கு வாங்கியவை. கெட்டி அட்டை, நல்ல காகிதம், வாயில் நுழையாத பெயர்கள். என் தலைமுறையில் பலருக்கும் மேலை இலக்கியம் அந்த வழியாகத்தான் வந்தது.

கோகோலின் 'மேல்கோட்டு' 1842-இல் வந்தது. பீட்டர்ஸ்பர்க் நகரத்தில் அக்காக்கி அக்காக்கியெவிச் என்று ஒரு குமாஸ்தா. நகல் எழுதுவது வேலை. வருடத்துக்கு 400 ரூபிள் சம்பளம். அவன் கோட்டு இழை விட்டுப்போய்விட்டது, தையல்காரன் பெத்ரோவிச் 'இதில் தையல் நிற்காது, புதிதுதான் தைக்க வேண்டும்' என்று சொல்லிவிடுகிறான். 80 ரூபிள் ஆகும். பாதி, வருடக்கணக்காகச் சேர்த்தது இருக்கிறது. மீதிப் பாதிக்கு அவன் என்னென்ன செய்கிறான் தெரியுமா? சாயங்காலத் தேநீரை நிறுத்துகிறான். மெழுகுவத்தி ஏற்றாமல் இருக்கிறான். செருப்பின் அடிப்பாகம் தேயக்கூடாதென்று தெருவில் நுனிக்காலில் நடக்கிறான். துணி நைந்துபோகாமல் இருக்கச் சலவைக்குப் போடுவதைக் குறைக்கிறான். அதிகாரி 40 ரூபிள் போனஸ் தருவார் என்று நினைத்திருக்கிறான், 60 வருகிறது. அன்றைக்கு அவனுடைய சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

கோட்டு வருகிறது. போட்டுக்கொண்டு போன முதல் நாள் ராத்திரியே திருடர்கள் பிடுங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். முறையிடப் போன இடத்தில் ஒரு பெரிய மனிதர் அவனைப் பார்த்துக் கத்துகிறார், அந்த அதிர்ச்சியோடு பனியில் நடந்து வீட்டுக்கு வந்து காய்ச்சலில் செத்துப்போகிறான். அதற்கு அப்புறம் ஆவியாக வந்து கோட்டுகளைப் பிடுங்குகிறான் என்று ஒரு பகுதி உண்டு, திருப்பம் என்று சொல்வதானால் அதைத்தான் சொல்ல வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அந்த ஆவி சீக்கிரம் மறந்துபோய்விடும். நுனிக்காலில் நடந்த நடைதான் மறக்காது. என் அப்பா பஸ் டிக்கெட்டுக் காசை மிச்சம் பிடிக்க நடந்தே வேலைக்குப் போன மாதங்கள் உண்டு. எதற்காக நடந்தார் என்பது எனக்குப் பள்ளிக்கூடச் சுற்றுலா போய்வந்த பிறகுதான் தெரிந்தது. அக்காக்கியின் கதையைப் படிக்கும்போதெல்லாம் அப்பாவின் செருப்பு கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கதையின் தொடக்கத்தில் ஓர் இடம். அலுவலகத்து இளைஞர்கள் அக்காக்கியைக் கேலி செய்து, தலையில் காகிதத் துணுக்குகளைக் கொட்டுகிறார்கள். அவன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, 'என்னை விடுங்கள், ஏன் இப்படிச் செய்கிறீர்கள்?' என்று மட்டும் கேட்பான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஓர் இளைஞனுக்கு அந்த வார்த்தைக்குள்ளே வேறொரு வார்த்தை கேட்டது என்று எழுதுகிறார் கோகோல்: 'நான் உன் சகோதரன்.' அந்த இளைஞன் கதைக்குள் மறுபடி வரவே இல்லை. நிகழ்ச்சிக்கு அவனால் ஒரு பயனும் இல்லை. திருப்பத்தை மட்டும் பார்ப்பவர் அவனை வெட்டி எறிந்துவிடலாம். ஆனால் 180 வருடமாக அந்தக் கதையைப் படித்த ஒவ்வொருவரும் அவன் நின்ற இடத்தில் நின்றுதான் படித்திருக்கிறோம்.

நடுவர் மணியைப் பார்க்கிறார். ஒரு நிமிடம், ஐயா. இரண்டு கதைகள் மட்டும் பாக்கி. இரண்டிலுமே மகனைப் பறிகொடுத்த தகப்பன்.

கேத்தரின் மான்ஸ்ஃபீல்ட் நியூசிலாந்தில் பிறந்தவர். அவருடைய தம்பி 1915-இல் போர்க்களத்துக்குப் போன இடத்தில் பயிற்சியின்போது கையெறிகுண்டு வெடித்து இறந்தான். ஏழு வருடம் கழித்து, காசநோய் முற்றிய நிலையில், 'ஈ' என்ற கதையை எழுதினார். ஒரு முதலாளி, பெயர் கிடையாது. மகன் போரில் இறந்து ஆறு வருடம் ஆகிறது. யாரோ வந்து கல்லறையைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்கள். அரை மணி நேரம் யாரையும் விடாதே என்று சொல்லிவிட்டு அழுவதற்காக உட்கார்கிறார். அழுகை வரவில்லை. மைக்கூட்டில் விழுந்த ஒரு ஈயை வெளியே எடுத்து விடுகிறார். அது சிறகைத் துடைத்துக்கொண்டு எழும்போது அதன் மேல் ஒரு சொட்டு மை விடுகிறார். மறுபடி துடைக்கிறது, மறுபடி ஒரு சொட்டு. மூன்றாவது சொட்டில் அது எழவில்லை. ஈயைத் தூக்கிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, எதை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம் என்று யோசிக்கிறார், நினைவு வரவில்லை. கதை முடிந்தது. எங்கே திருப்பம்? அழ முடியாமல் போன ஒரு மனிதனைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வருகிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது செகாவ். 1886 ஜனவரி, பீட்டர்ஸ்பர்க் நாளிதழ் ஒன்று. எழுதியவருக்கு வயது 26. கதையின் பெயரைத் தமிழில் 'துயரம்' என்று சொல்லலாம். அயோனா என்ற கிழவர் குதிரை பூட்டிய பனிச்சறுக்கு வண்டி ஓட்டுகிறார். பனி கொட்டுகிறது. அந்த வாரம்தான் அவருடைய மகன் இறந்திருக்கிறான், மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து. யாரிடமாவது சொல்ல வேண்டும். முதல் சவாரி ஒரு ராணுவ அதிகாரி. சொல்ல ஆரம்பிக்கிறார், அவர் கண்ணை மூடிக்கொள்கிறார். அடுத்து மூன்று இளைஞர்கள், 20 கோபெக்குக்கு மூன்று பேரும் ஏறிக்கொள்கிறார்கள், ஒருவன் கூனன். 'என் மகன் செத்துப்போனான்' என்கிறார் அயோனா. 'எல்லோரும்தான் சாவோம், வேகமாக ஓட்டு' என்கிறான் அவன். ஒரு வீட்டுக் காவல்காரனிடம் பேச்சுக் கொடுக்கிறார், 'வண்டியை எடு' என்கிறான். இரவு வண்டிக்காரர்கள் தங்கும் இடத்தில் ஒரு பையன் தண்ணீர் குடிக்க எழுந்திருக்கிறான். அவனிடம் சொல்கிறார், அதற்குள் அவன் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டான்.

இவ்வளவுதான் கதை. யாரும் வேஷம் கலைக்கவில்லை, எந்த ரகசியமும் உடையவில்லை. அடுத்து யார் கேட்பார், அடுத்து யார் கேட்பார் என்று மட்டும்தான் நாம் பக்கத்தைப் புரட்டுகிறோம். திருப்பம் இல்லாமல் இரண்டாம் பக்கம் யார் போவார் என்று கேட்டீர்களே, இதோ இந்தக் கிழவரின் பின்னால் போகிறோம்.

இந்தக் கதையை அம்மாவுக்கு நான் படித்தது நான்காம் நாள். அம்மாவின் அப்பா, என் தாத்தா, பழனியில் குதிரை வண்டி ஓட்டியவர். பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிவாரத்துக்குப் பக்தர்களை ஏற்றிக்கொண்டு போவார். அம்மா சின்ன வயதில் அந்த வண்டியில்தான் வளர்ந்தார். அயோனா சவாரி கிடைக்காமல் தங்குமிடத்துக்குத் திரும்பும் இடத்தைப் படித்தேன். அம்மா கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"அந்தக் குதிரை அன்னைக்குத் தீனி தின்னுச்சா?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. "சவாரி இல்லாத அன்னைக்கு அப்பா கொள்ளு வாங்க மாட்டாரு. வெறும் புல்லுதான் போடுவாரு. போட்டுட்டு அது பக்கத்துலயே உக்காந்துக்குவாரு. வீட்டுக்குள்ள வரமாட்டாரு" என்றார். தாத்தாவைப் பற்றி அம்மா அதுவரை எனக்கு இதைச் சொன்னதே இல்லை. தாத்தாவுக்கு ஒரு மகன் சின்ன வயதிலேயே போய்விட்டான் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

நான் அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். கேட்க ஆள் இல்லாமல் அயோனா லாயத்துக்குப் போகிறார். குதிரை மென்றுகொண்டிருக்கிறது. 'மெல்லு, மெல்லு' என்கிறார். 'தானியம் வாங்குகிற அளவுக்கு இன்றைக்குச் சம்பாதிக்கவில்லை, வைக்கோல் தின்போம்' என்கிறார். அம்மா கேட்ட கேள்விக்கான பதிலைச் செகாவ் எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் அயோனா குதிரையிடம் சொல்கிறார்: 'உனக்கு ஒரு குட்டி இருக்கிறது என்று வைத்துக்கொள். திடீரென்று அது இறந்துபோகிறது. உனக்கு வருத்தமாக இருக்கும், இல்லையா?' குதிரை மெல்லுகிறது, கேட்கிறது, எஜமானின் கைகள் மேல் மூச்சு விடுகிறது. அவர் எல்லாவற்றையும் அதனிடம் சொல்ல ஆரம்பிக்கிறார்.

நான் படித்து முடித்தேன். அம்மா கண்ணில் மருந்து போட்டிருந்ததால் அழக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "திரும்ப ஒருக்கா படி, அந்தக் குதிரைகிட்டச் சொல்ற இடத்துல இருந்து" என்றார்.

படித்தேன்.

நன்றி, வணக்கம்.